கிருமி அறியாத பாவ புண்ணியம்

பால்வினை நோய்களைப் பற்றி நம் மக்களிடையே, கற்றவர் கல்லாதவர் என்ற வேற்றுமையின்றி, ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒழுக்கம் தவறியவர்களுக்கே இந்நோய்கள் வரும் என்பதும், ஒழுக்கமுள்ள குடும்பங்கள் இவற்றைக் குறித்து அஞ்சவோ அறியவோ வேண்டியதில்லை என்பதும், ஒருமுறை வந்துவிட்டால் இவை உடலைவிட்டு ஒருநாளும் நீங்கமாட்டா என்பதும் அந்த அபிப்பிராயத்தின் சாரம். மேடையேறி இதனை முழங்குவோர் உண்டு. குடும்பத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வதுண்டு. இன்னும் வேதனைக்குரிய விஷயம், மருத்துவமனைகளில் பணிபுரிகின்றவர்களுள்ளும் சிலர், வாயால் சொல்லாவிடினும், நோயாளியைப் பார்க்கும் பார்வையினால் இதனையே சொல்லிவிடுகின்றனர். இவ்வபிப்பிராயம் ஆதியோடந்தமாகப் பிழையானது என்பதும், பிழை மாத்திரமாக நின்றுவிடாமல், இந்நோய்கள் நாட்டில் நிலைபெற்றிருப்பதற்குக் கிருமிகளுக்கு அடுத்தபடியான காரணமாகவும் இருந்து வருகிறது என்பதும் என் துணிபு.

இதன் மூன்று கூறுகளும் தனித்தனியே பிறந்தவை அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒரு நோயைத் தண்டனை என்று நம்பியவன், அது தீராது என்றும் நம்பியே ஆக வேண்டியவனாகிறான்; ஓர் ஊசியினால் ரத்தாகிவிடக்கூடிய தண்டனையை எவர்தாம் தண்டனையென்று மதிப்பார்கள்? அவ்வாறே, குற்றவாளிக்கு மட்டுமே தண்டனை வரும் என்று கொண்டவன், குற்றமற்றவர் நோயுற்றுக் கண்ணெதிரே நின்றாலும் அவரைக் காண மறுப்பவனாகிறான். ஆகவே, "இது தீராத வியாதி" என்று நம்மவர் சொல்லும்போது, வைத்திய சாஸ்திரம் எதனையேனும் கற்று அவர்கள் அதனைச் சொல்வதில்லை. தீரக்கூடாது என்று உள்ளத்தின் ஏதோ ஒரு மூலையில் விரும்புவதனாலேயே சொல்கிறார்கள்.

தீராது என்ற கூற்று ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் 1495இல் நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றிப் பின் அவனுடைய படை கலைந்து திரும்பியபோது, கிரந்தி என்று நம்மவர் வழங்கும் சிபிலிஸ் நோய் ஐரோப்பா முழுவதும் தீப்போலப் பரவிற்று. அடுத்த நூற்றாண்டிலேயே அது இந்தியாவுக்கும் வந்துவிட்டதென்பதற்கு, பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் அதனைப் பறங்கியர் நோயாகக் கூறுவதே சான்று. அன்று தொட்டு நானூறு ஆண்டுக்காலம் மேல்நாட்டு வைத்தியரும் கீழ்நாட்டு வைத்தியரும் பாதரசத்தையே நம்பினர். நம் நாட்டில் பறங்கிப்பட்டையும் அதனோடு சேர்ந்தது. ரசம் புண்ணை ஆற்றியதுபோலத் தோற்றிற்று; பல்லை உதிர்த்தது; சிறுநீரகத்தைக் கெடுத்தது; நோயை ஒழித்ததாகச் சொல்லுவதற்கில்லை. கொனோரியா எனப்படும் வெட்டை நோயும் கிரந்தியும் வெவ்வேறு நோய்கள் என்பதைப் பாரிஸ் நகரத்து வைத்தியர் ரிக்கோர்ட் 1838இல் நிலைநாட்டும் வரையில் பெரும் பண்டிதர்களே இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்கினர்.

ஆயின் அந்த அறியாமை அகன்று நெடுங்காலமாயிற்று. 1879இல் நைஸர் என்னும் ஜெர்மானியர் வெட்டையின் கிருமியைக் கண்டார். 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹாஃப்மனும் கிரந்தியின் கிருமியை, மெல்லிய சுருள் வடிவினதாய், நுண்ணோக்கியில் கண்டனர். மறு ஆண்டிலேயே வாஸர்மன் இரத்தப் பரிசோதனையை வகுத்தார். பால் எர்லிக் என்னும் பேரறிஞர், ஜப்பானியரான ஹாட்டாவின் துணையோடு, நூற்றுக்கணக்கான ஆர்சனிக் கலவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 606 என்று எண்ணிடப்பட்ட கலவையில் பயனைக் கண்டு, சால்வர்சான் என்ற பெயரோடு 1910இல் அதனை உலகிற்கு அளித்தார். இறுதியாக 1943இல், அமெரிக்காவில் மஹோனி என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு நான்கு கிரந்தி நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தபோது, நானூறு ஆண்டுகள் மனிதவர்க்கத்தை வருத்திய அந்த நோய் சில நாட்களில் அடங்கிற்று. அந்நாள் தொடங்கி, கிரந்தி தீராத நோய் என்று சொல்பவர் தம் பாட்டனார் காலத்துச் செய்தியைச் சொல்பவரேயாவர்.

இன்றைய நிலைதான் என்ன? தொடக்க நிலையிலுள்ள கிரந்திக்கு பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே ஒரு முறை தசையில் ஊசியாகப் போடப்படுகிறது. முற்றிய நிலையில் வாரத்துக்கொன்றாக மூன்று. நோயின் பிற்காலத்தில் இதயத்துக்கும் நரம்புக்கும் நேர்ந்துவிட்ட சேதத்தை அந்த மருந்து மீட்டுத் தராது என்பது உண்மையே. அதனாலேதான் காலந்தாழ்த்துவதைப் பெருந்தீங்கு என்கிறேன். கிளமீடியா என்னும் தொற்று டாக்சிசைக்ளின் மாத்திரையை நாளுக்கு இருவேளை ஏழு நாள் உட்கொள்ள அகல்கிறது. டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணித் தொற்று மெட்ரோனிடசோலுக்கு அடங்குகிறது. வெட்டை நோய்க்கு இன்று செப்ட்ரையாக்சோன் ஊசி. இந்நான்கு நோய்களிலும் சேர்த்து, 15 முதல் 49 வயது வரையிலானவர்களிடையே, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 37 கோடியே 40 லட்சம் புதிய தொற்றுகள் நிகழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நான்கும் குணமாகக் கூடியவை. கோடிக்கணக்கான இம்மாந்தர் அனைவரையும் தனியொரு பாவிகள் கூட்டமாக ஒதுக்கிவைத்துப் பேசுவது எவ்வளவு பேதைமை என்பதை அந்த எண்ணே உணர்த்தும்.

வைரஸ்களால் வரும் நோய்களின் நிலைமை வேறு. அதனை மறைக்கும் நோக்கம் எனக்கில்லை. அக்கி போன்ற கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து இடையிடையே தலைகாட்டுகிறது. மருந்து அதனை அடக்குமேயன்றி அகற்றுவதில்லை. எச்.ஐ.வி.யையும் உடலினின்று முற்றிலும் துரத்தும் மருந்து பொதுவழக்கில் இல்லை. ஆனால் முற்றிலும் அகற்ற முடியாமை வேறு, சிகிச்சையின்மை வேறு. நீரிழிவையும் முற்றிலும் அகற்ற முடிவதில்லை. அதனால் எவரும் நீரிழிவு நோயாளியை ஊரைவிட்டு விலக்குவதில்லை. எச்.ஐ.வி.க்குரிய கூட்டுமருந்து 2004 ஏப்ரல் முதல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அதனை முதலில் தொடங்கிய நிலையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அம்மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்தில் வைரஸ் அகப்படாத அளவுக்கு ஒடுங்கிய நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாக அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்பது, ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்றின்மையுமாக இருந்த நூற்றுக்கணக்கான இணையரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, 2016இலும் 2019இலும் வெளிவந்த ஆராய்ச்சிகளால் ஐயமற நிரூபணமாகியிருக்கிறது. கல்லீரலை அழிக்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கும் தடுப்பூசிகள் இருக்கின்றன. இவ்வளவும் இருக்க, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தீராத வியாதி என்று முத்திரை குத்துவது, தீரும் நோயுடையவனைத் தீராமல் வைத்திருக்கவே உதவுகிறது.

இனி, ஒழுக்கமுள்ளவர்க்கு வராது என்ற கூற்றுக்கு வருவோம். இதனைப் பொய்ப்பிக்கும் சான்று வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. சென்னை மாநகரிலேயே கிடைக்கிறது. 1986ஆம் ஆண்டுக்கு முன், எய்ட்ஸ் மேல்நாட்டாரின் கட்டவிழ்ந்த வாழ்க்கையினால் வரும் நோய், நம் பண்பாடே நமக்கு அரண் என்று பத்திரிகைகளும் பிரமுகர்களும் உறுதியாகச் சொல்லிவந்தனர். அந்நாளில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் இளம் மருத்துவர், பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, மயிலாப்பூரில் இருந்த பெண்கள் காப்பகத்தில் இரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. பண்பாடு என்ற அரணைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை; அப்பெண்கள் எத்தகையோர் பார்த்தீர்களா என்று பழைய வாதமே புது வடிவம் கொண்டது.

ஆனால் பின்னர் சுனிதி சாலமன் தாம் நிறுவிய சிகிச்சை நிலையத்தில் ஆண்டுதோறும் கண்டது யாரை? தொற்றோடு அவரிடம் வந்த பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். தாலி கட்டிய கணவனையன்றி வேறோர் ஆடவனை அறியாதவர்கள். அவர்கள் ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அவர்களை ஆபத்துக்குள்ளாக்கியது திருமணம் ஒன்றே. பத்தினி என்று போற்றி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, கணவனிடம் ஒரு கேள்வி கேட்கும் உரிமையோ, உறை அணியச் சொல்லும் துணிவோ, தனக்கு வந்திருப்பது இன்னதென்று அறியும் வாய்ப்போ நாம் கொடுக்கவில்லை. ஒழுக்கமே காப்பு என்ற உபதேசம் ஒழுக்கமுள்ளவளையே நிராயுதபாணியாக நிறுத்திவைத்தது. இதைவிட வேறென்ன மறுப்பு வேண்டும்?

கிருமி பரவும் வழியை அறிந்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. புண்ணுக்கும் மெல்லிய சவ்வுக்கும் நேரும் நெருங்கிய தொடர்பு, உடற்கசிவுகள், இரத்தம், தாயின் கருப்பை ஆகியவையே இவற்றின் வழிகள். ஒரே தட்டில் உண்பதாலும், கைகுலுக்குவதாலும், கொசுக்கடியாலும், பொதுக் கழிப்பிடத்தாலும் எச்.ஐ.வி.யோ கிரந்தியோ வெட்டையோ வருவதில்லை. உடற்சூட்டினால் வெட்டை வருகிறது என்று நம் வீடுகளில் சொல்வதும் ஆதாரமற்ற பேச்சே. தொற்றுள்ள ஒருவரிடமிருந்துதான் தொற்று வருகிறது. அந்த ஒருவர் பலரோடு உறவு கொண்டவரா, ஒரே ஒருவரோடு ஒரே முறை உறவு கொண்டவரா, முறைப்படி மணந்தவரா என்று கிருமி விசாரிப்பதில்லை. பலரோடு உறவு கொள்வோர்க்கு ஆபத்து மிகுதி என்பது உண்மையே. அது எண்ணிக்கையைப் பற்றிய உண்மை; அதனை ஒருவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிக்கொள்வதிலேதான் பிழை பிறக்கிறது.

இதனினும் முக்கியமாக, கிளமீடியாவும் வெட்டையும் பெண்களிடத்தில் பெரும்பாலும் யாதோர் அறிகுறியுமின்றி இருந்துவிடுகின்றன. வலியில்லை, புண்ணில்லை, காய்ச்சலில்லை. உள்ளே கிருமி மெல்ல மேலேறிக் கருக்குழாய்களை அழற்சியுறச் செய்து, தழும்பேற்றி, அடைத்துவிடுகிறது. மணமாகி ஆண்டுகள் கழிந்தும் குழந்தையில்லை. மாமியார் கோயில் கோயிலாக அழைத்துச் செல்கிறாள், அரசமரம் சுற்றச் சொல்கிறாள், ஜாதகத்தைப் புரட்டுகிறார்கள், கடைசியில் மலடி என்ற பட்டத்தைச் சூட்டி, மகனுக்கு இரண்டாம் தாரம் தேடுகிறார்கள். அவ்வாறு மலடியென்று தள்ளப்பட்ட பெண்களுள் எத்தனை பேர் கணவன் கொண்டுவந்த நோயினால், ஏழு நாள் மாத்திரையில் தீர்ந்திருக்கக் கூடிய தொற்றினால், அந்நிலைக்கு ஆளானவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது. அக்குடும்பத்தில் எவராயினும் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அப்பெண் தப்பியிருப்பாள். ஆனால் நம் குடும்பத்தில் அந்த நோய்க்கு இடமில்லையே!

இந்த அபிப்பிராயம் வீட்டோடு நின்றதா என்றால் அதுவுமில்லை. அரசாங்கங்களின் கையில் அது சட்டமாகவும் மாறியிருக்கிறது. பிரிட்டிஷ் படைவீரர்களிடையே பால்வினை நோய் மிகுந்தபோது, 1864இல் இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது; 1868இல் இந்தியாவிலும் அத்தகையதோர் சட்டம் வந்தது. பரத்தையர் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களைப் பிடித்துவந்து கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் தனி மருத்துவமனைகளில் அடைத்துவைக்க அச்சட்டங்கள் இடம்கொடுத்தன. அத்தகைய அடைப்பு மருத்துவமனைகள் சென்னை மாகாணத்துக் கண்டோன்மென்ட்டுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இருந்தவை. படைவீரனை அவ்வாறு அடைக்கவில்லை. அவனைச் சோதிப்பது அவனுடைய சுயமரியாதைக்கு இழுக்கு என்று சொல்லப்பட்டது. ஒரு தொட்டிக்கு இரண்டு ஓட்டைகள் இருக்க, ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு நீர் ஏன் குறைகிறது என்று வியந்தவர்களின் செயலே அது. ஜோஸஃபின் பட்லர் என்னும் மாதரசி பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிய பின் இங்கிலாந்தில் 1886இலும், இந்தியாவில் 1888இலும் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. நோயை ஒழித்துவிட்ட பெருமையோடு அவை விடைபெறவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. அலபாமா மாநிலத்தில் டஸ்கீகீ என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 1932இல் அரசாங்கத்துப் பொதுச் சுகாதாரத் துறையே, ஏறத்தாழ 600 கறுப்பின ஏழை உழவர்களைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அவர்களுள் 399 பேருக்குக் கிரந்தி இருந்தது. அந்நோய் என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. இரத்தம் கெட்டிருக்கிறது, அதற்கு வைத்தியம் செய்கிறோம் என்று ஏமாற்றினர். பெனிசிலின் வந்து, உலகெங்கும் கிரந்தி தீர்ந்துகொண்டிருந்தபோதும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காக அவர்கள் சாகும்வரை காத்திருந்தனர். மனைவியருக்குத் தொற்றியது, குழந்தைகள் நோயோடு பிறந்தன. 1972இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பிறகே அந்த அக்கிரமம் நின்றது; 1997இல் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். கற்றறிந்த மருத்துவர்கள் நாற்பது ஆண்டுக்காலம் இதற்கு எவ்வாறு மனமொப்பினர்? இனவெறி ஒரு காரணம். அம்மனிதர்களின் வாழ்க்கையே அப்படிப்பட்டது, அந்நோய் அவர்களுக்கு இயல்பு என்ற எண்ணம் அதற்குத் துணைநின்ற காரணம்.

இத்தனையும் கேட்ட பின் எதிர்க்கட்சியார் ஒரு வாதத்தை முன்வைப்பர். அதனை நான் இலேசாகக் கருதவில்லை. நோய் தீரும் என்று ஊரறியச் சொன்னால் பயம் போய்விடும். பயம் போனால் கட்டுப்பாடு போய்விடும். இளைஞர்கள் கெட்டழிவர் என்பதே அவ்வாதம். சால்வர்சான் வந்தபோது எர்லிக்கை நோக்கி இதனையே சொன்னார்கள், எச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமியருக்குப் போடலாமா என்ற பேச்சு எழுந்தபோதும் பல நாடுகளில் இதனையே சொன்னார்கள். இதற்கு வரலாறே விடை கூறுகிறது. பயத்தினால் ஒழுக்கம் வளருமென்றால், 1495 முதல் 1910 வரை, மருந்தேயில்லாத நானூறு ஆண்டுகளில், மூக்கு அழுகியும் சித்தம் கலங்கியும் மாண்டோரை அன்றாடம் கண்ணால் கண்ட அந்த மக்களன்றோ உலகிலேயே ஒழுக்கத்தில் சிறந்தோராயிருந்திருக்க வேண்டும்? அந்நானூறு ஆண்டுகளிலும் நோய் அரண்மனை முதல் குடிசை வரை பரவியேயிருந்தது. பயம் என்ற மருந்தை நானூறு ஆண்டு கொடுத்துப் பார்த்தாயிற்று. அது உறவைத் தடுக்கவில்லை, வைத்தியனிடம் செல்வதையே தடுத்தது.

வைத்தியனிடம் செல்லாதவன் எங்கே செல்கிறான்? பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். இன்ன ஊரில், இன்ன லாட்ஜில், இன்ன தேதியில், பரம்பரை வைத்தியர் வருகை, ரகசியம் காக்கப்படும். இத்தகைய விளம்பரத்தை 1954ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகத் தடைசெய்கிறது; பால்வினை நோய்கள் பெயர் சொல்லியே அதன் அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றன. எனினும் அந்த வியாபாரம் குன்றவில்லை. ஏனெனில் அவர்கள் விற்பது மருந்தையன்று, ரகசியத்தை. அரசு மருத்துவமனையில் செலவின்றிக் கிடைக்கும் சிகிச்சைக்கு, வரிசையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்ற அச்சத்தினால் முதுகைக் காட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொட்டி லேகியம் வாங்கி வருகிறான் இளைஞன். வேறு சிலர் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி, எரிச்சல் குறைந்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அரைகுறை மருந்தில் தப்பிப் பிழைத்த வெட்டைக் கிருமி சல்ஃபா மருந்தை வென்றது, பெனிசிலினை வென்றது, டெட்ராசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் வென்றது, இன்று எஞ்சியிருக்கும் செப்ட்ரையாக்சோனையும் சில நாடுகளில் எதிர்த்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. வெட்கம் இப்படியே தொடருமாயின், தீரும் நோயொன்றை நாமே தீராத நோயாக ஆக்கிவைத்த பழி நம்மைச் சேரும்.

ஒரு கொடுமையான மூடநம்பிக்கையையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. கன்னிப் பெண்ணோடு கூடினால் இந்நோய் நீங்கும் என்ற நம்பிக்கை பல தேசங்களில் இருந்தது. இன்னும் முற்றிலும் மறையவில்லை. நோய் பாவம் என்றால், பாவத்தைத் தூய்மையின் மேல் இறக்கிவைத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதானே? சிறுமியரைப் பலிகொண்ட அந்தப் பாதகம், நோயைக் கிருமியென்று காணாமல் தீட்டென்று கண்ட மனத்தில் முளைத்த விஷச்செடியேயாகும்.

தண்டனை என்ற கொள்கைக்குக் கடைசியாக ஒரு கேள்வி. கருவிலிருக்கும் சிசு என்ன பாவம் செய்தது? கிரந்தியுள்ள தாய்க்குச் சிகிச்சை செய்யாவிடில், கரு வயிற்றிலேயே இறந்து போகலாம். பிறந்தாலும் எலும்பும் கல்லீரலும் கெட்டுப் பிறக்கலாம். பின்னாளில் பார்வையும் செவியும் இழக்கலாம். கருவுற்ற தொடக்கத்திலேயே இரத்தத்தைச் சோதித்துப் பெனிசிலின் ஊசி போட்டுவிட்டால் இவற்றுள் ஏறக்குறைய ஒன்றும் நேராது. கியூபா 2015இலும், தாய்லாந்து 2016இலும், நம் அண்டை நாடான இலங்கை 2019இலும், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் பரவுவதை ஒழித்துவிட்டன என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தாட்சி பெற்றன. இலங்கை பெருஞ்செல்வ நாடன்று. நல்ல குடும்பத்துப் பெண்ணா, மற்றவளா என்று தரம்பிரிக்காமல், கருவுற்ற தாயர் எல்லோருடைய இரத்தத்தையும் சோதிப்பதையே அது தன் வழக்கமாக்கிக்கொண்டது.

நம் நாட்டிலும் கருவுற்ற பெண்ணுக்கு அந்தச் சோதனை உண்டு. கணவனுக்குத்தான் இல்லை, அல்லது, அழைத்தாலும் அவன் வருவதில்லை. மனைவிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவனை விட்டுவிட்டால், கிரந்தி ஒருமுறை வந்ததனால் நிலையான காப்பு ஏதும் உண்டாகாமையால், பிரசவத்துக்கு முன்னரே அவளுக்கு அது மீண்டும் தொற்றிவிடக் கூடும். ஆகவே மனைவியின் முதல் பரிசோதனை நாளன்றே கணவனையும் வரவழைத்து, இரத்தம் எடுத்து, வேண்டுமாயின் அன்றே ஊசி போட்டு அனுப்புவதை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் வழக்கமாக்க வேண்டும். வரமாட்டேன் என்பவனைத் தேடி, அவன் மானத்துக்குப் பங்கமின்றிப் பேசி அழைத்துவரக் கிராமத்துச் செவிலியருக்கு நேரமும் பயிற்சியும் அரசு தர வேண்டும்.